கட்டளை வரியில் ஒரே ஆப்ஷனுக்குப் பல மதிப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம், தொண்டி என்று ராமநாதபுரம் கரையோரத்தில் மீன் வரத்துக் கணக்கைக் கணினியில் வைத்திருப்பவர்களுக்காக எழுதிய பக்கம் இது. எல்லா எடுத்துக்காட்டுகளும் ஒரே ஸ்கிரிப்டைச் சுற்றி வரும். அதன் பெயர் வரத்து. மாதத்துக்கு ஒன்றாக இருக்கும் கோப்பை அது படிக்கும். ஒவ்வொரு வரியிலும் தேதி, ஊர், மீன், கிலோ என்று நான்கு பத்திகள். கேட்ட மீன், கேட்ட ஊர், கேட்ட நாளுக்கு மட்டும் கூட்டிச் சொல்லும்.

ஸ்கிரிப்ட் பைத்தானில், அதனுடன் வரும் ஆர்க்பார்ஸ் மாட்யூலை வைத்து எழுதியது. கட்டளை வரியில் தட்டியதைப் பிரித்துப் படித்துத் தருவது ஆர்க்பார்ஸின் வேலை. பைத்தானின் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். நிரலில் அவற்றை ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். ஆனால் கட்டளை வரிகள் இங்கே இருப்பது போலவே லினக்ஸில் ஓடும். ஆப்ஷன் பெயரை, அதாவது --மீன் போல இரட்டைக் கோட்டுடன் தொடங்கும் சொல்லை, தமிழில் வைக்க ஆர்க்பார்ஸ் தடை சொல்வதில்லை. சில டெர்மினல்களில் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகித் தெரியும். அது காட்சிக் குறைதான், உள்ளே போகும் எழுத்து சரியாகவே இருக்கும்.

ஒரு ஆப்ஷனுக்குப் பல மதிப்புகள் கொடுக்க என்னென்ன வழிகள் உண்டு?

மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன.

இடைவெளி விட்டு அடுக்குவது:

    ./வரத்து ஜூன்-வரவு --மீன் காரல் கணவாய் நண்டு

ஆப்ஷனையே திரும்பத் திரும்பச் சொல்வது:

    ./வரத்து ஜூன்-வரவு --மீன் காரல் --மீன் கணவாய் --மீன் நண்டு

காற்புள்ளி போட்டு ஒரே சொல்லாகக் கொடுப்பது:

    ./வரத்து ஜூன்-வரவு --மீன் காரல்,கணவாய்,நண்டு

முதல் வழிக்கு ஆர்க்பார்ஸில், ஆப்ஷன் எத்தனை மதிப்பு எடுக்கும் என்று சொல்லும் என்ஆர்க்ஸ் என்பதற்கு '+' (ஒன்றோ அதற்கு மேலோ) கொடுக்க வேண்டும். இரண்டாவதற்கு, கிடைத்த மதிப்பை என்ன செய்வது என்று சொல்லும் ஆக்ஷன் என்பதற்கு 'அப்பெண்ட்'. மூன்றாவதற்கு, காற்புள்ளியில் வெட்டித் தரும் சிறு ஃபங்ஷன் ஒன்றை எழுதி அதை டைப் என்ற இடத்தில் வைக்க வேண்டும்.

பின்னிரண்டு வழிகளுக்கும் பழைய முன்மாதிரிகள் இருக்கின்றன. கோப்பில் சொல் தேடும் கிரெப் கட்டளையில் பல தேடல் சொற்களைத் தர ஒரே ஆப்ஷனைத் திரும்பச் சொல்கிறோம். பத்திகளை வெட்டி எடுக்கும் கட் கட்டளையில் 1,3 என்று காற்புள்ளி போடுகிறோம். பல மதிப்புகள் இருந்தால் அவற்றை ஒரே ஆர்க்யூமென்டாக (கட்டளைக்குக் கொடுக்கும் ஒரே சொல்லாக), காற்புள்ளியோ வெற்றிடமோ இட்டுத் தர வேண்டும் என்பதே, யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான பொதுத் தரமான போசிக்ஸின் வழிகாட்டி சொல்வது. அதன்படி பார்த்தால் முதல் வழிதான் மரபுக்கு வெளியே நிற்கிறது. அதிகத் தொல்லை தருவதும் அதுதான்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

மீன் பெயர், ஊர் பெயர், கிழமை போன்ற சாதாரணப் பட்டியல்களுக்கு நாங்கள் சொல்வது இரண்டாவதும் மூன்றாவதும் கலந்த வழி: ஆக்ஷன் 'எக்ஸ்டெண்ட்', டைப் என்ற இடத்தில் காற்புள்ளியில் வெட்டும் ஃபங்ஷன், என்ஆர்க்ஸ் எதுவும் வேண்டாம். இப்படி வைத்தால் இதுவும் செல்லும்:

    ./வரத்து --மீன் காரல்,கணவாய் --மீன் நண்டு ஜூன்-வரவு

கிடைப்பது ஒரே தட்டையான பட்டியல்:

    ['காரல்', 'கணவாய்', 'நண்டு']

ஒரு ஆப்ஷன் ஒரு சொல்லை மட்டுமே எடுத்துக்கொள்வதால், பின்னால் வரும் கோப்பின் பெயர் மாட்டிக்கொள்ளாது. திரும்பச் சொன்னால் எதுவும் தொலையாது. எக்ஸ்டெண்ட் பைத்தான் 3.8 பதிப்பில் வந்தது. அதற்கு முந்தைய பைத்தான் என்றால் அப்பெண்ட் வைத்து, கிடைக்கும் பட்டியல்களின் பட்டியலை நீங்களே ஒன்றாக்க வேண்டும்.

மதிப்புக்குள்ளேயே காற்புள்ளி வரும் இடங்களுக்கு இந்த வழி பொருந்தாது. 1,250 என்று விலையை எழுதும் பழக்கம் நமக்கு உண்டு. காற்புள்ளியில் வெட்டினால் அது 1, 250 என்று இரண்டு விலைகளாகிவிடும். அங்கே அப்பெண்ட் மட்டும் போதும்.

என்ஆர்க்ஸ் '+' வைத்தேன். ஆப்ஷனை இரண்டு முறை கொடுத்தால் முதல் பட்டியல் காணாமல் போகிறதே?

    ./வரத்து ஜூன்-வரவு --மீன் காரல் கணவாய் --மீன் நண்டு

இதற்குக் கிடைப்பது ['நண்டு'] மட்டும். ஆக்ஷன் எதுவும் சொல்லாவிட்டால் ஆர்க்பார்ஸ் 'ஸ்டோர்' என்று எடுத்துக்கொள்ளும். ஸ்டோர் ஒவ்வொரு முறையும் பழையதை அழித்துவிட்டுப் புதியதை வைக்கும். பிழைச் செய்தி வராது, எச்சரிக்கையும் வராது. காரலும் கணவாயும் இல்லாத கணக்கு, சரியான கணக்கு போலவே அச்சாகி வெளியே வரும்.

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். நின்றுபோகிற ஸ்கிரிப்டால் பெரிய கெடுதல் இல்லை, திருத்தி மறுபடி ஓட்டலாம். ஒரு ஊரையோ ஒரு மீனையோ சத்தமில்லாமல் விட்டுவிட்டுக் கூட்டிக் காட்டுகிற ஸ்கிரிப்டைத்தான் நம்ப முடியாது. ஆக்ஷனை 'எக்ஸ்டெண்ட்' என்று மாற்றினால் மேலே உள்ள வரிக்கு மூன்று மீன்களும் கிடைக்கும்.

கூடவே இன்னொன்றையும் செய்யுங்கள்: கணக்குப் போடத் தொடங்கும் முன், பெற்றுக்கொண்ட பட்டியலை ஸ்கிரிப்டே ஒரு வரி அச்சிடட்டும். 'மீன்: காரல், கணவாய், நண்டு (3)' என்று திரையில் வந்தால் போதும், குறைவது எதுவென்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். இந்த வரியைப் பிழைச் செய்திகள் போகும் தடத்தில் அச்சிட்டால், கணக்கை வேறொரு கோப்புக்குத் திருப்பும்போது இது அதில் கலக்காது.

கோப்பின் பெயரைக் கடைசியில் கொடுத்தால் 'கோப்பு தேவை' என்று பிழை வருகிறது. கொடுத்திருக்கிறேனே?

    ./வரத்து --மீன் காரல் கணவாய் ஜூன்-வரவு

'+' என்றால் அடுத்த ஆப்ஷன் வரும்வரை கண்ணில் படுவதையெல்லாம் அள்ளிக்கொள்ளும். ஜூன்-வரவு என்பதும் மூன்றாவது மீனாகிவிட்டது. கோப்புக்கென்று எதுவும் மிஞ்சவில்லை. கோப்பின் பெயரை முன்னால் வையுங்கள், அல்லது நடுவில் இரட்டைக் கோடு போடுங்கள்:

    ./வரத்து --மீன் காரல் கணவாய் -- ஜூன்-வரவு

இந்தத் தனி இரட்டைக் கோட்டுக்கு 'ஆப்ஷன்கள் இத்தோடு முடிந்தன' என்று பொருள். கோப்பின் பெயரைக் கட்டாயம் இல்லாததாக வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்: பிழையே வராது, இயல்பாக வைத்த ஏதோ ஒரு பழைய கோப்பைப் படித்துக் கணக்குச் சொல்லிவிடும்.

மீன் பெயர் எழுத்து எழுத்தாகப் பிரிந்து வருகிறது. ஏன்?

இப்படி வந்திருக்கும்:

    ['க', 'ா', 'ர', 'ல', '்']

இரண்டு காரணங்களில் ஒன்று. டைப் என்ற இடத்தில் லிஸ்ட் என்று எழுதியிருப்பீர்கள். பட்டியல் வேண்டும் என்பதால் அப்படி எழுதத் தோன்றுவது இயல்புதான். ஆனால் பைத்தானில் லிஸ்ட் என்பது கையில் கிடைத்த சரத்தை (எழுத்துத் தொடரை) ஒவ்வொரு குறியீடாகப் பிரித்துப் போடும். தமிழில் காலும் புள்ளியும் தனிக் குறியீடுகள் என்பதால், மூன்று எழுத்துள்ள காரல் ஐந்து துண்டாகிறது.

இரண்டாவது காரணம், எக்ஸ்டெண்ட் வைத்துவிட்டு, என்ஆர்க்ஸும் இல்லாமல் வெட்டும் ஃபங்ஷனும் இல்லாமல் விட்டது. எக்ஸ்டெண்ட் ஒரு பட்டியலை எதிர்பார்க்கிறது. தனிச் சரம் கிடைத்தால் அதையும் ஒரு பட்டியலாகவே எண்ணி ஒவ்வொரு குறியீடாகச் சேர்க்கும். எக்ஸ்டெண்டுடன் என்ஆர்க்ஸ் '+' அல்லது வெட்டும் ஃபங்ஷன், இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்தால் பட்டியலுக்குள் பட்டியல் வரும்.

வெட்டும் ஃபங்ஷனில் என்னென்ன இருக்க வேண்டும்?

காற்புள்ளியில் வெட்டுவது மட்டும் போதாது. ஒவ்வொரு துண்டின் இரு பக்கமும் உள்ள வெற்றிடத்தை நீக்குங்கள். வெறும் துண்டை விட்டுவிடுங்கள்; 'காரல்,கணவாய்,' என்று கடைசியில் ஒரு காற்புள்ளி ஒட்டியிருந்தால் வெறும் சரம் ஒன்று பட்டியலில் சேரும், மீன் பெயர் எழுதாமல் விட்ட வரிகள் அதனுடன் பொருந்திக் கூட்டலில் ஏறிவிடும். எல்லாம் நீக்கியபின் ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் பிழை எழுப்புங்கள்.

தெரிந்த மீன் பெயர்தானா என்ற சோதனையும் இந்த ஃபங்ஷனுக்குள்ளேயே இருக்க வேண்டும். ஆர்க்பார்ஸின் சாய்ஸஸ் இங்கே உதவாது: ஃபங்ஷன் திருப்பித் தருவது ஒரு பட்டியல், சாய்ஸஸ் அந்தப் பட்டியல் முழுவதையும் ஒரே மதிப்பாக எடுத்து ஒப்பிடும், எப்போதும் தோற்கும். என்ஆர்க்ஸ் '+' வைத்தால் மட்டுமே அது ஒவ்வொரு மதிப்பையும் தனித்தனியாகப் பார்க்கும். ஆகவே உங்கள் பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் ஆர்க்யூமென்ட்டைப்எரர் என்ற பிழையை நீங்களே எழுப்புங்கள். ஆர்க்பார்ஸ் அதை ஆப்ஷன் பெயருடன் சேர்த்துக் காட்டிவிட்டு, 2 என்ற வெளியேற்றக் குறியுடன் நிற்கும். இரவில் தானாக ஓடும் வேலையாக இருந்தால் அந்த 2-ஐப் பார்த்து அடுத்த படியை நிறுத்தலாம்.

காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டுத் தட்டுவோர் நிறையப் பேர் உண்டு. 'காரல், கணவாய்' என்று மேற்கோளில்லாமல் தட்டினால், தட்டிய வரியை வாங்கி ஓட்டும் ஷெல் அதை இரண்டாக உடைத்துவிடும். வெட்டும் ஃபங்ஷனுக்கு வந்து சேர்வது 'காரல்,' மட்டுமே. கணவாய் கோப்புப் பெயராகவோ, அறியாத ஆர்க்யூமென்டாகவோ போகும். ஸ்கிரிப்டில் இதற்கு மருந்து கிடையாது, உதவிக் குறிப்பில்தான் சொல்லிவைக்க வேண்டும்.

இயல்பு மதிப்பு வைத்தேன். ஒரு கிழமையின் கணக்கு இரட்டிப்பாக வருகிறது.

பாக் நீரிணையில் ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போவது வழக்கம். அதனால் --நாள் ஆப்ஷனுக்கு டிஃபால்ட்டாக அந்த மூன்றையும் வைக்கத் தோன்றும். அப்பெண்ட், எக்ஸ்டெண்ட் இரண்டும் இயல்புப் பட்டியலை மாற்றாது, அதன் வாலில் சேர்க்கும்.

    ./வரத்து ஜூன்-வரவு --நாள் சனி

சனிக்கிழமையை மட்டும் கேட்டவருக்குக் கிடைப்பது:

    ['திங்கள்', 'புதன்', 'சனி', 'சனி']

பட்டியலில் உள்ள ஒவ்வொரு நாளாக எடுத்துக் கூட்டுகிற ஸ்கிரிப்ட் என்றால் சனிக்கிழமை கிலோ இரண்டு முறை ஏறும். கேட்காத திங்களும் புதனும் கூட உள்ளே வந்துவிட்டன.

டிஃபால்ட்டை வைக்காமல் விடுங்கள். அப்போது ஆப்ஷன் கொடுக்காதபோது நன் என்ற வெறுமை மதிப்பு கிடைக்கும். ஆர்க்பார்ஸ் வேலை முடிந்தபின், 'நன் என்றால் மூன்று நாள்களையும் எடு' என்று ஒரு வரி எழுதுங்கள். அப்படியே இரட்டிப்புப் பெயர்களையும் களையுங்கள். செட் போட்டால் வரிசை குலையும், டிக்ட்டின் ஃப்ரம்கீஸ் வழியாகக் களைந்தால் கொடுத்த வரிசை அப்படியே நிற்கும்.

தடைக்காலத்துக்கும் இதே கவனம் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் போவதில்லை. நாட்டுப்படகு வரத்து இருக்கும். ஜூன் கோப்பின் முதல் பாதியில் விசைப்படகுக் கிழமைகளை மட்டும் தேடிவிட்டு 'வரத்து குறைவு' என்று முடிவு கட்டக்கூடாது.

'பாம்பன் தெற்கு' போன்ற இரு சொல் பெயர்களை எப்படிக் கொடுப்பது?

மேற்கோளுக்குள்:

    ./வரத்து ஜூன்-வரவு --ஊர் "பாம்பன் தெற்கு" --ஊர் "மண்டபம் வடக்கு"

மேற்கோள் இல்லாமல் என்ஆர்க்ஸ் '+' ஆப்ஷனுக்குக் கொடுத்தால் பாம்பன், தெற்கு என்று இரண்டு ஊராகும். கோப்பில் 'பாம்பன்' என்று மட்டும் எழுதிய வரிகளும் இருந்தால் அவை பொருந்திவிடும், ஏதோ ஒரு எண் வரும், தவறு தெரியாது. தெற்கு மன்னார் வளைகுடா, வடக்கு பாக் நீரிணை. இரண்டு கடல், இரண்டு வகை வரத்து. கலந்த கணக்கு யாருக்கும் உதவாது.

பாஷ் என்ற ஷெல்லின் ஸ்கிரிப்டிலிருந்து இதை அழைக்கும்போது, பெயர்களை ஒரு அரேயில் (பட்டியலில்) வைத்து, அரேயின் பெயருக்குப் பின் [@] போட்டு, மொத்தத்தையும் இரட்டை மேற்கோளுக்குள் கொடுங்கள். மேற்கோளை விட்டால் எல்லாப் பெயர்களும் மறுபடி இடைவெளியில் உடையும். அரே இருக்கிற ஸ்கிரிப்டை 'எஸ்ஹெச்' என்ற கட்டளையால் ஓட்டாதீர்கள். உபுண்டுவில் அது டேஷ் என்ற வேறு ஷெல், அதில் அரே கிடையாது, அடைப்புக்குறியைப் பார்த்ததும் இலக்கணப் பிழை என்று நிற்கும்.

தொண்டி என்று சரியாகத் தட்டினாலும் 'தெரியாத ஊர்' என்கிறது!

தமிழில் ஆப்ஷன் மதிப்புகள் வைக்கிறவர்கள் எல்லோரும் ஒருநாள் இங்கே வந்து நிற்பார்கள். 'தொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும். தகரமும் ஒகரக் குறி ஒன்றும் என்று இரண்டு குறியீடாக. அல்லது தகரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று குறியீடாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைத்தானில் நீளம் கேட்டுப் பாருங்கள்: தொண்டி ஒன்றில் 6, மற்றதில் 7. ஒப்பிட்டால் சமமில்லை என்றே சொல்லும்.

யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் ஃபங்ஷனை 'என்எஃப்சி' என்ற வடிவத்துடன் அழைத்தால் மூன்று குறியீடு இரண்டாக இணைந்துவிடும். கட்டளை வரியில் வரும் மதிப்பு, நீங்கள் வைத்திருக்கும் ஊர்ப் பட்டியல், கோப்பிலிருந்து படிக்கும் பத்தி, மூன்றையும் இதன் வழியாக அனுப்புங்கள். ஒன்றை விட்டாலும் பயனில்லை.

ஔகாரத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஔ என்பதற்குப் பதில் ஒ, ள என்று இரண்டு எழுத்தைத் தட்டியிருந்தால் நார்மலைஸ் அதைத் திருத்தாது, ஏனென்றால் யூனிகோடைப் பொறுத்தவரை அவை உண்மையிலேயே வேறு எழுத்துகள். ஆப்ஷன் பெயர்களில் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளே வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஆப்ஷன் பெயரை ஆர்க்பார்ஸ் இணைத்துப் பார்க்காது; --கோப்பு என்று வைத்தால் ஒரு விசைப்பலகையில் வேலை செய்யும், இன்னொன்றில் 'அறியாத ஆர்க்யூமென்ட்' என்னும். --மீன், --ஊர், --நாள் மூன்றிலும் இந்தக் குறிகள் இல்லை.

அட்சரேகை, தீர்க்கரேகை என்று ஜோடியாகக் கொடுக்க வேண்டுமே?

என்ஆர்க்ஸ் 2, டைப் ஃப்ளோட், ஆக்ஷன் அப்பெண்ட். ராமேஸ்வரத்தையும் தொண்டியையும் சேர்த்துக் கேட்பதென்றால்:

    ./வரத்து ஜூன்-வரவு --இடம் 9.28 79.31 --இடம் 9.74 79.02

இங்கே எக்ஸ்டெண்ட் கூடாது. நான்கு எண்களும் ஒரே வரிசையாகி எது எதனுடன் சேர்ந்தது என்பது போய்விடும். அப்பெண்ட் ஜோடியை ஜோடியாகவே வைக்கும். நம் கரையில் முதல் எண் 9-ஐ ஒட்டியும் இரண்டாவது 78, 79-ஐ ஒட்டியும் இருக்கும் என்பதால், இடம் மாற்றிக் கொடுத்தவரை ஒரே ஒப்பீட்டில் பிடித்துவிடலாம்.

கழித்தல் குறியுடன் வரும் எண்களை ஏற்க மறுக்கிறது.

நீர்மட்டம் போன்றவற்றில் -0.3 0.2 என்று இடைவெளி விட்டுக் கொடுத்தால், -3 போன்ற பெயரில் உங்களுக்கே ஒரு ஆப்ஷன் இல்லாதவரை, ஆர்க்பார்ஸ் எண் என்று புரிந்துகொள்ளும். '-0.3,0.2' என்று காற்புள்ளியுடன் ஒட்டினால் அது எண் போலத் தெரியாது, ஆப்ஷன் என்று நினைத்துக்கொள்ளும். சமக்குறி போட்டு ஒட்டுங்கள்: --மட்டம்=-0.3,0.2

படகு எண்களுக்கு டைப் இன்ட் வைக்கலாமா?

வேண்டாம். 0045 என்பது 45 ஆகிவிடும். கூட்டவோ பெருக்கவோ போவதில்லை என்றால் அது எண்ணே அல்ல, பெயர். சரமாகவே வையுங்கள்.

நூற்றுக்கணக்கான மதிப்புகள் இருந்தால்?

கட்டளை வரிக்கு நீள வரம்பு உண்டு. லினக்ஸில் ஒரு தனி ஆர்க்யூமென்ட் 128 கிலோபைட்டுக்கு மேல் போக முடியாது; விண்டோஸின் கட்டளைச் சாளரமான சிஎம்டியில் முழு வரியும் 8,191 எழுத்துக்குள் அடங்க வேண்டும். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், காரல் ஒன்றே 15 பைட்.

இதற்கு ஆர்க்பார்ஸிலேயே வழி இருக்கிறது: ஃப்ரம்ஃபைல் ப்ரிஃபிக்ஸ் எழுத்தாக '@' வைத்தால், @பட்டியல் என்று தட்டும்போது அந்தக் கோப்பிலிருந்து படித்துக்கொள்ளும். ஒரு வரிக்கு ஒரு ஆர்க்யூமென்ட். '--ஊர்' ஒரு வரியில், 'பாம்பன் தெற்கு' அடுத்த வரியில். இங்கே மேற்கோள் போடக்கூடாது. போட்டால் மேற்கோளும் ஊர் பெயரில் சேரும். வெற்று வரியும் ஒரு வெறும் மதிப்பாகும். விண்டோஸில் பைத்தான் 3.12-க்கு முந்தைய பதிப்பு இருந்தால் இந்தக் கோப்பை யூடிஎஃப்-8 என்று படிக்காது, தமிழ் குலையும். பைத்தானைப் புதுப்பிப்பதே எளிது.

வாட்ஸ்அப்பில் வந்த கட்டளையை அப்படியே ஒட்டினேன். ஓடவில்லை.

போன் விசைப்பலகையும் வேர்டும் இரண்டு சிறு கோடுகளை ஒரே நீளக் கோடாக மாற்றிவிடும். நேரான மேற்கோளை வளைந்த மேற்கோளாக்கிவிடும். நீளக் கோட்டுடன் வரும் —மீன் ஆர்க்பார்ஸுக்கு ஆப்ஷனே அல்ல, அதைக் கோப்பின் பெயராகவோ, அறியாத ஆர்க்யூமென்டாகவோ எடுத்துப் பிழை சொல்லும். வளைந்த மேற்கோளை ஷெல் மேற்கோளாக மதிக்காது, “பாம்பன் ஒரு சொல், தெற்கு” இன்னொரு சொல் என்று உடைக்கும். கோடுகளையும் மேற்கோள்களையும் அழித்துவிட்டு டெர்மினலிலேயே மறுபடி தட்டுங்கள். அடிக்கடி அனுப்ப வேண்டியிருந்தால் கட்டளையை ஒரு கோப்பில் எழுதி, கோப்பாக இணைத்து அனுப்புங்கள். கோப்புக்குள் எந்தச் செயலியும் கை வைக்காது.